சோலைக்காகப் பாடியவர்கள்

ஓர் ஊரின் பெயர் சில வேளைகளில் அவ்வூரின் வரலாற்றுக்குக் கடைசிச் சாட்சியாக நின்றுவிடுவதுண்டு. சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டுப் பகுதியில், தலைச்சோலை என்றொரு சிற்றூர் உள்ளது. மலையின் தலையில் இருந்த சோலை என்றும் பொருள் கொள்ளலாம். சோலைகளுள் தலையானது என்றும் கொள்ளலாம். எவ்வாறு கொண்டாலும், அப்பெயரை இட்டவர்கள் தம் கண்முன் ஒரு பெருங்காட்டைக் கண்டவர்களே என்பதில் ஐயமில்லை. ஏற்காடு என்பதும் ஏரியையும் காட்டையும் சேர்த்துச் சொன்ன பெயரே என்பர்.

சோலை என்னும் சொல்லுக்கு வேறொரு பெருமையும் உண்டு. நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகிய உயர்ந்த மலைகளின் பள்ளங்களில், புல்வெளிகளுக்கிடையே அடர்ந்து நிற்கும் பசுங்காடுகளை உலகத் தாவரவியல் அறிஞர்கள் 'ஷோலா' என்றே வழங்குகின்றனர். நம் சோலைதான் அவர்கள் நாவில் ஷோலா ஆயிற்று. இக்காட்டு மரங்கள் வானளாவ உயர்வதில்லை. தழைகள் நெருங்கிக் குடைபோல் கவிந்திருக்கும். கிளைகளில் பாசி படர்ந்திருக்கும். நிலத்தில் சருகு மெத்தையாகக் கிடக்கும். பெய்த மழையை அம்மெத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஊற்றாகச் சிறிது சிறிதாக வெளிவிடும். எனவே மலையுச்சியில் ஒரு சோலை அழிந்தால் அடிவாரத்தில் ஓர் ஆறு மெலிகிறது. சேர்வராயன் மலையில் தோன்றி, சேலம் நகரின் ஊடே ஓடிக் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றின் கதையும் மலையின் கதையோடு பின்னியதே.

சேர்வராயன் சோலைகளுக்கு நேர்ந்தது என்ன? 1820களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். மண்ணும் குளிரும் ஒத்துப்போயின. ஆண்டுகள் செல்லச் செல்ல மேட்டுச் சோலைகளில் பெரும்பகுதி காப்பித் தோட்டங்களாக மாறியது. பழைய மரங்கள் நின்ற இடத்தில் நிழலுக்காக நடப்பட்ட சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. அவற்றின்மீது மிளகுக் கொடி ஏறுகிறது. பின்னர், மலையின் மண்ணுக்குள் பாக்சைட்டு இருப்பது அறியப்பட்டு, அலுமினியத்திற்காக அதுவும் வெட்டியெடுக்கப்பட்டது. காட்டு மரங்களைப் பற்றி வளர்ந்த ஆர்க்கிட் செடிகளைப் பேண 1963ஆம் ஆண்டில் ஏற்காட்டில் அரசின் தாவர ஆய்வுத்துறை ஒரு தனித் தோட்டமே அமைக்க வேண்டியதாயிற்று. காப்பியால் பிழைப்போர் ஆயிரமாயிரவர்; நாமும் நாள்தோறும் அதனை அருந்துகிறவர்களே. எனவே எவரையும் குற்றக் கூண்டில் நிறுத்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. பெயரில் சோலை இருந்தும் நிலத்தில் சோலை சுருங்கிய வரலாற்றை நினைவூட்டவே சொல்கிறோம்.

காடு வழக்குமன்றம் ஏறாது, மனு எழுதாது, வாக்களிக்காது. அதற்காக யாரேனும் பேச வேண்டும். நம் நாட்டில் அவ்வாறு பேசியவர்களுள் அறிஞர்களும் உளர். ஏழைப் பெண்களும் உளர். அவர்களோடு கவிஞர்களும் பாடகர்களும் சேர்ந்து நின்றனர். ஆயுதம் ஏந்தாமல், ஒருவரையும் காயப்படுத்தாமல், பாட்டையும் கூத்தையும் கொண்டு அவர்கள் நடத்திய இயக்கங்களின் வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம். பாட்டால் மரம் பிழைக்குமா என்பதே நம் கேள்வி.

தமிழர்க்கு இக்கேள்வி புதிதன்று. தாம் விதையிட்டு வளர்த்த புன்னை மரத்தைத் தமக்கை என்று கருதி, அதன் நிழலில் காதலனோடு பேச நாணிய பெண்ணை நற்றிணை நமக்குக் காட்டுகிறது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. நம் உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றே ஒரு படலம் அமைத்தார். வேடன் வலையில் சிக்கிய தாய்மான் தன் குட்டிக்குப் பாலூட்டித் திரும்பும்வரை பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்காகத் தாமே பிணை நின்ற செய்தி அது. வாயற்ற உயிருக்காகப் பிணை நிற்பது என்னும் கருத்து நம் இல்லங்களில் புலவர் வாக்காகவே வழங்கி வந்திருக்கிறது. ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள், புனித ஹரம் எல்லைக்குள் தானாக முளைத்த செடியையும் மரத்தையும் வெட்டலாகாது என்னும் விதியை நேரில் அறிந்தவர்கள். ஆயினும் பழைய பாட்டில் மரம் வாழ்வதும் இன்றைய மலையில் மரம் வாழ்வதும் வேறுவேறு. ஏட்டில் உள்ள பரிவைக் கோடரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யார் என்பதே வரலாறு.

முதலில் இமயத்திற்குச் செல்வோம். இன்றைய உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், 1973ஆம் ஆண்டில், மண்டல் என்னும் சிற்றூர் மக்கள் கலப்பை செய்வதற்குச் சில மரங்கள் கேட்டனர். அவர்களுக்கு மறுக்கப்பட்ட மரங்கள் தொலைநகரிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் நிறுவனத்திற்கு ஒதுக்கப்பட்டன. உழவனுக்கு ஏர் இல்லை. எவரோ பந்தாடுவதற்கு மட்டை உண்டு! சண்டி பிரசாத் பட் அவர்களின் வழிகாட்டலில் மக்கள் திரண்டு, மரங்களைக் கட்டித் தழுவி நிற்போம் என்று உறுதி பூண்டனர். தழுவுதல் என்னும் பொருள்தரும் 'சிப்கோ' என்ற சொல் இயக்கத்தின் பெயராயிற்று. அடுத்த ஆண்டு, 1974 மார்ச் 26ஆம் நாள், ரேணி என்னும் ஊரில் ஆடவர் அனைவரும் வெளியூர் சென்றிருந்த நேரம் பார்த்து மரம் வெட்டுவோர் வந்தனர். கௌரா தேவி என்னும் கைம்பெண், ஊர்ப் பெண்கள் சிலரை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் சென்று மரங்களின் முன் நின்றார். வந்தவர்கள் வெட்டாமலே திரும்பினர்.

இவ்வியக்கத்திற்கு ஒரு பாவலர் இருந்தார். கன்சியாம் ரதூரி என்பது அவர் இயற்பெயர். ஊர் ஊராகத் திரிபவர் என்னும் பொருளில் 'சைலானி' என்று மக்கள் அவரை அழைத்தனர். மலைமக்களின் மெட்டிலேயே, மரத்தைத் தழுவிக் காக்கும் கருத்தை அவர் பாட்டாகக் கட்டினார். எழுத்தறியாத பெண்களிடம் துண்டறிக்கை செல்லாது; பாட்டு சென்றது. விறகும் நீரும் சுமந்து வரும் வழியில் அவர்கள் அதனைப் பாடினர். சுந்தர்லால் பகுகுணா போன்றோரின் நடைப்பயணங்களோடு அப்பாட்டும் பள்ளத்தாக்குகளைக் கடந்தது. அத்வானி என்னும் இடத்தில், 1970களின் பிற்பகுதியில், பெண்கள் உடன்பிறந்தார்க்குக் கட்டும் ராக்கிக் கயிற்றை மரங்களுக்குக் கட்டினர். அதுவும் ஒரு கவிதைதான். நற்றிணைப் பெண் புன்னையைத் தமக்கை என்றாள். இமயப் பெண் காட்டு மரத்தை உடன்பிறப்பு என்றாள். இடையே இரண்டாயிரம் ஆண்டுகள், உறவுமுறை ஒன்றே. 1980களின் தொடக்கத்தில், இமயத்தின் அப்பகுதியில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் பச்சை மரங்களை வணிகத்திற்காக வெட்டுவது பதினைந்தாண்டுக் காலத்திற்குத் தடுக்கப்பட்டது.

இனி நமக்கு அண்மையில் உள்ள நிகழ்ச்சிக்கு வருவோம். நீலகிரியின் மேற்குச் சரிவில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், மண்ணார்க்காட்டுக்கு மேலே அமைந்திருப்பது அமைதிப் பள்ளத்தாக்கு. ஆங்கிலேயர் அதனைச் சைலண்ட் வேலி என்றனர். உள்ளூரார் சைரந்திரி வனம் என்பர். அதன் நடுவே குந்திப்புழை ஓடுகிறது. சிங்கவால் குரங்கு என்று நாம் வழங்கும் அரிய உயிரினத்தின் உறைவிடங்களுள் அது ஒன்று. இவ்வாற்றில் அணை கட்டி, முதற்கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு 1973ஆம் ஆண்டில் திட்டக்குழு இசைவளித்தது. அணை எழும்பினால் எட்டுச் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பழங்காடு நீருக்குள் மறையும்.

இதனைத் தீயோரின் சூழ்ச்சி என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. மலபார்ப் பகுதியில் மின்விளக்கு காணாத வீடுகள் பல இருந்தன, தொழிற்சாலைகள் இல்லை, இளைஞர்க்கு வேலை இல்லை. அணை வந்தால் வாழ்வு வரும் என்று அம்மக்கள் நம்பினர். பெரிய அரசியல் கட்சிகள் யாவும் அணையை ஆதரித்தன. அதனை எதிர்த்துப் பேசுவோர் நாட்டு முன்னேற்றத்தின் பகைவர் என்று கருதப்பட்ட காலம் அது.

எதிர்த்துப் பேசியவர்களுள் இருவரை நம் வாசகர்கள் குறிப்பாக அறிந்துகொள்ள வேண்டும். ஒருவர் பறவையியல் மேதை சாலிம் அலி. 1896இல் பம்பாயில் பிறந்த அவர், சிறுவயதில் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள் கழுத்துச் சிட்டு இன்னதென்று தெரியாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த ஒரு படி அவர் வாழ்வையே மாற்றியது. குடும்பத்தின் மரவணிகத்தையும் சுரங்கத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவுக்குச் சென்ற இளைஞர், அங்கும் பறவைகளைக் கவனித்தார். 1930களிலேயே திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய்ந்தவராதலால் கேரளக் காடுகள் அவருக்கு உள்ளங்கை நெல்லி. முதுமையில் அமைதிப் பள்ளத்தாக்கை நேரில் கண்டு, இத்திட்டத்தைக் கைவிடுக என்று அவர் வேண்டுகோள் விடுத்தார். 1987இல் மறைந்த அவர் பெயரால் கோயம்புத்தூரை அடுத்த ஆனைக்கட்டியில் இன்று ஓர் ஆய்வு நிலையம் உள்ளது.

மற்றவர் ஜாபர் ஃபத்தேஹலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் இயற்கைச் சமநிலை குறித்து ஆராய 1976இல் அமைந்த மத்தியப் பணிக்குழு அவர் தலைமையிலேயே இயங்கியது. திட்டத்தைக் கைவிடுவதே நன்று என்று அக்குழு தெளிவாகப் பரிந்துரைத்தது. ஆயினும், கைவிட முடியாத நிலை ஏற்படின் மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இவை என்று ஒரு பட்டியலையும் இணைத்தது. அறிஞர்களின் இயல்பு அது. எல்லா வழிகளையும் எண்ணிப் பார்ப்பார்கள். மாநில அரசோ முதற் பரிந்துரையை ஒதுக்கிவிட்டுப் பட்டியலைப் பற்றிக்கொண்டது. பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துவிடுகிறோம், அணையைக் கட்டுகிறோம் என்றது. 1978இல் மத்திய அரசும் அவ்வாறே நிபந்தனைகளோடு இசைந்தது.

இவ்விடத்தில் வாசகர்கள் சிறிது நின்று சிந்திக்க வேண்டுகிறோம். உண்மையைச் சொன்ன அறிக்கையிலேயே 'ஒருவேளை' என்னும் ஒரு வாயில் திறந்து கிடந்தது. காட்டை அழிக்க விரும்பியோர் அதன் வழியாக நுழைந்தனர். அறிவியலின் மொழி அளந்து பேசும் மொழி. அளந்து பேசுவது அதன் நேர்மை; அதுவே சில வேளைகளில் அதன் பலவீனமும் ஆகிறது. பேரம் பேசுவோர் கையில் அது பேரப் பொருளாகிவிடும். பேரத்திற்கு உட்படாத மொழி ஒன்று தேவைப்பட்டது. அதனைக் கவிஞர்கள் கொண்டுவந்தனர்.

எம்.கே. பிரசாத் என்னும் தாவரவியல் பேராசிரியர் அமைதிப் பள்ளத்தாக்கின் அருமையை மலையாளத்தில் மக்களுக்கு விளங்கும்படி எழுதினார். அவர் சார்ந்திருந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1962இல் தோன்றிய அறிவியல் பரப்பும் இயக்கம். அணையின் பயனையும் இழப்பையும் கணக்கிட்ட அவ்வியக்கம், மலபாருக்கு வேண்டிய மின்சாரத்தை வேறு வழிகளில் பெற முடியும் என்று வாதிட்டது. பிரசாத்தின் எழுத்தைப் படித்தவர்களுள் ஒருவர் கவிஞர் சுகதகுமாரி. 1934இல் ஆறன்முளையில் பிறந்தவர். விடுதலைப் போராட்ட வீரரும் கவிஞருமான போதேஸ்வரனின் மகள். அவர் தனித்து நிற்கவில்லை. என்.வி. கிருஷ்ண வாரியர், ஓ.என்.வி. குறுப்பு, ஐயப்பப் பணிக்கர், விஷ்ணு நாராயணன் நம்பூதிரி முதலிய கவிஞர்களும் இயற்கைக் காப்பிற்காகக் குரல் கொடுத்தனர். பிரகிருதி சம்ரக்ஷண சமிதி என்னும் இயற்கைக் காப்புச் சங்கம் உருவாயிற்று; சுகதகுமாரி அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றார்.

அவர் எழுதிய 'மரத்தினு ஸ்துதி' என்னும் கவிதை, அதாவது மரத்துக்கு ஒரு துதி, அவ்வியக்கத்தின் கூட்டங்களில் தொடக்கப் பாடலாக ஒலித்தது. கவிஞர்கள் நகரங்களிலும் கல்லூரிகளிலும் மேடையேறிக் கவிதை படித்தனர். புள்ளிவிவரம் கேட்டால் எழுந்து போய்விடும் மாணவர்கள் கவிதைக்கு உட்கார்ந்தார்கள். கவிதைக்கு உட்கார்ந்தவர்கள் பிறகு புள்ளிவிவரத்தையும் கேட்டார்கள். 1980ஆம் ஆண்டில் பரிஷத் 'சாஸ்திர கலா ஜாதா' என்னும் கலைப்பயணத்தைத் தொடங்கியது. பாட்டும் தெருநாடகமும் ஏந்திய கலைக்குழு ஊர் ஊராகச் சென்று அறிவியல் செய்திகளை மக்கள்முன் வைத்தது. எழுபதுகளிலேயே வைக்கம் முகம்மது பஷீர், தம் தென்னந்தோட்டத்து வௌவால்களும் பூச்சிகளும்கூட இப்பூமிக்கு உரிமையுடையவை என்னும் கருத்தில் 'பூமியுடெ அவகாசிகள்' என்ற கதையை எழுதியிருந்தார். எனவே கேரள மண் இக்குரலுக்குப் பண்பட்டே இருந்தது எனலாம்.

ஏளனம் இல்லாமல் இல்லை. 'மரக்கவிகள்' என்று சிலர் அவர்களை எள்ளினர். மரம் என்றால் உணர்வற்றது என்னும் பொருள் தமிழைப் போலவே மலையாளத்திலும் உண்டு. மனிதனின் பசியை மறந்து குரங்குக்காக அழுகிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. இக்குற்றச்சாட்டுக்குச் சுகதகுமாரியின் வாழ்க்கையே விடையாயிற்று. கைவிடப்பட்ட பெண்களுக்கும் மனநோயாளர்க்கும் புகலிடமாக 1985இல் 'அபயா' என்னும் இல்லத்தை நிறுவியவர் அதே மரக்கவிதான். மரத்திற்கு இரங்கும் நெஞ்சு மனிதனுக்கு மூடிக்கொள்ளும் என்று நினைத்தவர்கள் நெஞ்சின் இயல்பை அறியாதவர்கள்.

போராட்டம் வழக்குமன்றத்திற்கும் சென்றது. 1979இல் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1980 ஜனவரியில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் கதவும் அடைபட்டது. ஆனால் அதற்குள் ஒரு சிற்றாற்றின் கதை நாடெங்கும் பேசப்படும் கதையாகிவிட்டது. 1978இல் சோவியத் நாட்டின் அஷ்காபாத் நகரில் கூடிய உலக இயற்கைக் காப்பு ஒன்றியமும் இக்காட்டைக் காக்குமாறு தீர்மானம் இயற்றியிருந்தது. 1980இல் மீண்டும் பிரதமரான இந்திரா காந்தி பணியை நிறுத்தி வைக்கச் செய்தார். எம்.ஜி.கே. மேனன் தலைமையில் அறிஞர் குழு அமைந்தது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ தொண்ணூறு சதுர கிலோமீட்டர் காடு அதற்குள் அடங்கிற்று. இந்திரா காந்தி அதனைக் காண உயிரோடு இல்லை. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி பூங்காவைத் திறந்து வைத்தார். குந்திப்புழை இன்றும் அங்கே தடையின்றி ஓடுகிறது.

இவ்வெற்றி எவருடையது? கவிஞர்களுடையது என்று சொன்னால் பிரசாத்துக்கும் சாலிம் அலிக்கும் ஃபத்தேஹலிக்கும் அநீதி செய்வோம். அறிஞர்களுடையது என்று சொன்னால் வரலாற்றுக்கு மாறுபடுவோம்; ஏனெனில் அறிஞர்களின் அறிக்கை முன்னரே வந்துவிட்டது, அணைக்கு மத்திய அரசின் இசைவும் அதன் பின்னரே வந்தது. அறிக்கை சொன்ன உண்மையை இலட்சக்கணக்கானோர் தம் சொந்த உண்மையாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் அரசின் மனம் அசைந்தது. அந்த ஏற்பை உண்டாக்கியதில் கவிதைக்குப் பெரும்பங்கு உண்டு. சரியான கணக்கு கையில் இருந்ததால் கவிதை வெற்றுப் புலம்பலாகவில்லை. கவிதை உடன் வந்ததால் கணக்கு கோப்புக்குள் உறங்கவில்லை.

இதன் எதிரொலி அடுத்த மாநிலத்திலும் கேட்டது. யட்சகானக் கூத்து செழித்து வளர்ந்த வடகன்னட மாவட்டத்தில், சிர்சியை அடுத்த சல்கனி என்னும் ஊரார் 1983 செப்டம்பரில் மரங்களைத் தழுவி நின்றனர். சிப்கோ அங்கே கன்னடத்தில் 'அப்பிகோ' ஆயிற்று. பாண்டுரங்க ஹெக்டே முதலியோர் முன்னின்ற அவ்வியக்கம் நடைப்பயணங்களையும் நாட்டுப்புற ஆடல்களையும் தெருநாடகங்களையும் கருவியாகக் கொண்டது. பகல் முழுதும் உழைத்துக் களைத்த உழவனை இரவில் ஒரு சொற்பொழிவுக்கு அழைத்தால் வரமாட்டான். கூத்துக்கு வருவான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தமிழகத்தின் சோலை ஒன்றுக்காகவும் பாட்டு பிறந்தது. கொடைக்கானலில், பாம்பார்ச் சோலையை ஒட்டி, இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இயங்கி வந்தது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் உள்ள பாதரசம் மண்ணிலும் நீரிலும் கலந்தால் எளிதில் அகலாத நஞ்சு. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கடையில் கிடப்பது 2001ஆம் ஆண்டில் வெளிப்பட, தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் தங்கள் நோய்களுக்கு ஈடு கேட்டும், ஊரார் சோலையைத் தூய்மை செய்யக் கேட்டும் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2015 ஜூலையில், சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்னும் இளம் பாடகி, இன்றைய இளைஞர் விரும்பும் துள்ளிசை மெட்டில் இக்கதையைப் பாடி வெளியிட்டார். சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கானோர் அதனைக் கண்டனர். கடல்கடந்த நாடுகளிலும் கொடைக்கானலின் பெயர் பேசப்பட்டது. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. 2018இல் கருநாடக இசைவாணர் டி.எம். கிருஷ்ணாவும் உடன்பாட, மண்ணைச் சரிவரத் தூய்மை செய்யக் கோரி இரண்டாம் பாட்டு வந்தது.

அம்மெட்டு நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உகந்ததாக இராது. நமக்கும் முதலில் செவிக்குப் பழகவில்லை. ஆயினும் சைலானி மலைமக்களின் மெட்டை எடுத்ததும், சென்னைப் பெண் நகர இளைஞரின் மெட்டை எடுத்ததும் ஒரே நெறிப்பட்ட செயல்தான். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்கள் செவி எங்கே இருக்கிறதோ அங்கே சொல்வதே கலை. பதினைந்தாண்டுகளாகத் தொழிலாளர் பொறுமையோடு திரட்டி வைத்திருந்த உண்மை இல்லாமல் அப்பாட்டு ஒரு நாள் வேடிக்கையாகப் போயிருக்கும் என்பதையும் மறவாதிருப்போம்.

எனவே இவ்வரலாறு பாட்டின் ஆற்றலைப் போலவே அதன் எல்லையையும் நமக்குக் கற்பிக்கிறது. பாட்டு பொய் சொல்லலாகாது. காட்டின் பெருமையை மிகைப்படுத்தி, அங்கே வாழும் மக்களின் வறுமையை மறைத்தால், எதிர்த் தரப்பார் ஒரே கேள்வியில் அதனை வீழ்த்திவிடுவர். மலைவாழ் மக்களைக் காட்டின் பகைவராக்கிப் பாடிய பாட்டு எதுவும் நிலைத்ததில்லை; அவர்களே பாடிய பாட்டுத்தான் நிலைத்தது. வெற்றிக்குப் பிறகும் விழிப்பு வேண்டும். அமைதிப் பள்ளத்தாக்கு பூங்காவாகி இருபதாண்டுகள் ஆவதற்குள், அதே குந்திப்புழையில், சற்றுக் கீழே பாத்திரக்கடவு என்னுமிடத்தில் மீண்டும் அணைப் பேச்சு எழுந்தது. 2007இல் பூங்காவைச் சுற்றிலும் 148 சதுர கிலோமீட்டர் காப்பு வளையம் அமைக்கப்பட்டது. காட்டைக் காப்பவன் ஒவ்வொரு முறையும் வெல்ல வேண்டும்; அழிப்பவனுக்கு ஒருமுறை வென்றால் போதும்.

பாடியவர்கள் பாடியதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுகதகுமாரி, மரம் இழந்து மொட்டையாகிக் கிடந்த அட்டப்பாடி மலைப்பகுதியில் உள்ளூர் மக்களைக் கொண்டு மரக்கன்றுகள் நடச் செய்தார். 'கிருஷ்ணவனம்' என்று பெயர் பெற்று அங்கே காடு தழைத்தது. 2020 டிசம்பரில் கொரோனாத் தொற்றால் அவர் மறைந்தார். பகுகுணா 2021 மே மாதத்திலும், பேராசிரியர் பிரசாத் 2022 ஜனவரியிலும் அதே நோயால் மறைந்தனர். மூச்சுக்காற்றைத் தரும் மரங்களுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர்கள் மூச்சைப் பறிக்கும் நோயால் அடுத்தடுத்துச் சென்றது நெஞ்சை உறுத்தும் செய்தியாகும்.

மீண்டும் தலைச்சோலைக்கு வருவோம். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குச் செல்லும் நம்மவர் பலர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றதும் ஏரியில் படகு விடுகிறோம், மலைமுனையில் நின்று படம் எடுக்கிறோம், மாலையில் இறங்கிவிடுகிறோம். இனிச் செல்லும்போது பிள்ளைகளை அருகழைத்து, இவ்வூர்ப் பெயரில் ஏன் காடு இருக்கிறது, அடுத்த ஊர்ப் பெயரில் ஏன் சோலை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளை அவர்களுக்குக் காட்டுங்கள். சருகைக் கையில் அள்ளி அதன் ஈரத்தைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். அந்த ஈரம்தான் அடிவாரத்தில் ஆறாகிறது என்று சொல்லுங்கள்.

பாட்டால் மரம் பிழைக்குமா என்று கேட்டோம். பாட்டு கோடரியைத் தடுப்பதில்லை. கோடரியைப் பிடித்த கையின் உடையவனை, அவனை அனுப்பியவனை, அவனுக்கு அனுமதி எழுதியவனை ஒரு கணம் நிற்க வைக்கிறது. அக்கணத்தில் உண்மை பேச இடம் கிடைக்கிறது. சேர்வராயனில் போனவை போயின. எஞ்சியவற்றுக்காகப் பிணை நிற்க நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை எழுந்தால், அவர் நாவில் நல்ல தமிழும் கையில் சரியான கணக்கும் இருக்கட்டும். இறைவன் அருளால் தலைச்சோலை என்னும் பெயருக்கு மீண்டும் பொருள் கிடைக்கும்.